பெற்றோர் சம்மதிக்கவில்லை

நோயை நான் சரியாகத்தான் கண்டுபிடித்தேன். என் குற்றம் அதற்குப் பிறகு தொடங்குகிறது. அதைச் சொல்லும் முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் நீங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நான் பொது மருத்துவர். எண்பதுகளில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.டி. படித்தேன். பிறகு காவிரிக் கரையில் ஒரு நெசவாளர் ஊரில் கிளினிக் வைத்தேன். எம்.டி. தேர்வில் எனக்கு ஒதுக்கிய நோயாளி ஓர் இளைஞர். உதடு லேசாக நீலம். இதயத்தில் இரண்டு ஒலி கேட்க வேண்டும். அவருக்கு மூன்று, நான்கு கேட்டது. எக்ஸ்ரேயில் இதயம் மார்புக்கூட்டை அடைத்துக்கொண்டு தெரிந்தது. இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எங்கள் கைக்கு எட்டாத காலம். 'எப்ஸ்டைன் குறைபாடு' என்று எழுதினேன். தேர்வாளர் என் தோளைத் தட்டினார். அதன் பிறகு அந்தக் கதையை நான் சொல்லாத இடமில்லை. ஜூனியர்களிடம் சொன்னேன். மருந்துக் கம்பெனிக் கூட்டங்களில் சொன்னேன். என் மனைவிக்கு அது மனப்பாடம்.

2008இல் ஒரு பட்டு நெசவாளி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு வயது ஒன்பது. "ஓடியாடினா மூச்சு வாங்குதுங்கய்யா. உதடு கறுத்துப்போவுது" என்றார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். அதே ஒலிகள். எனக்கு முதலில் தோன்றியது இரக்கம் இல்லை. சந்தோஷம். இன்னொரு எப்ஸ்டைன் என் கைக்குக் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். இதை எழுதவே கூசுகிறது. ஆனால் அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. எக்கோவுக்கு அனுப்பினேன். நான் சொன்னதையே அறிக்கையும் சொன்னது. ஜூனியர்களிடம் காட்ட அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்தக் குறைபாடு என்ன என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் நான் எதைத் தடுத்தேன் என்பதும் தெரியும்.

இதயத்தின் வலது பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மூன்று இதழ் கொண்ட வால்வு ஒன்று இருக்கிறது. டிரைகஸ்பிட் வால்வு என்பார்கள். ரத்தத்தைக் கீழே விடும், மேலே திரும்ப விடாது. கருவில் இந்த இதழ்கள் கீழறைத் தசையிலிருந்தே பிரிந்து வருகின்றன. சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரைக் கிழியாமல் உரித்தெடுப்பது மாதிரி. எப்ஸ்டைன் குறைபாட்டில் அந்த உரிதல் பாதியில் நின்றுவிடுகிறது. இரண்டு இதழ்கள் தசையோடு ஒட்டிக் கிடக்கும். முன்னிதழ் மட்டும் பெரிதாக வளர்ந்திருக்கும். வால்வு மூடும் இடம் கீழே இறங்கிவிடும். கீழறையின் ஒரு பகுதி மேலறையோடு போய்ச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பின்னால் கசியும்.

பெரும்பாலும் இரண்டு மேலறைகளுக்கும் நடுவில் ஓர் ஓட்டையும் இருக்கும். அசுத்த ரத்தம் அதன் வழியே இடது பக்கத்துக்குப் போய்க் கலக்கும். உதடு நீலமாவது அதனால்தான். அதே ஓட்டையில் ஒரு ரத்தக்கட்டி நுழைந்தால் அது மூளைக்கும் போகலாம். இந்தக் கடைசிச் செய்தி எனக்கு 2008இலேயே தெரியும்.

ஏறத்தாழ 20,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் குறைபாடு இது. 1866இல் பிரெஸ்லாவ் நகரில் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்ற மருத்துவர், இறந்துபோன 19 வயதுத் தொழிலாளி ஒருவரின் இதயத்தைப் பிரித்துப் பார்த்து முதன்முதலாக இதை எழுதினார். அதன் பிறகு ஏறக்குறைய நூறாண்டு இது பெயர் மட்டுமே உள்ள நோயாக இருந்தது. 1963இல் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் செயற்கை வால்வு வைத்துப் பார்த்தார். 1972 முதல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கோர்டன் டேனியல்சன் நோயாளியின் சொந்த வால்வையே சீரமைத்தார். 1988இல் பாரிஸைச் சேர்ந்த அலென் கார்ப்பென்டியர் இன்னொரு முறையை வெளியிட்டார். நான் இவற்றில் எதையும் ஊன்றிப் படித்தவன் இல்லை. "இதுல கத்தி வைக்காத வரைக்கும் நல்லது" என்று என் பேராசிரியர் வார்டில் சொன்னது மட்டும் காதில் தங்கியிருந்தது. அதையே வேதவாக்காக வைத்துக்கொண்டேன்.

எக்கோ அறிக்கையோடு அந்தத் தகப்பன் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மகளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்றார். அவர் கேட்டது இது: "ஆபரேசன் பண்ணா சரியாவுங்களாய்யா? மெட்ராசுக்குக் கூட்டிப் போவணும்னாலும் போறேன். தறியை வித்தாவது பாத்துடறேன்."

நான் சொன்னது இது: "இங்க பாருப்பா. இது ரொம்ப அபூர்வமான நோய். இதுக்கு ஆபரேஷன் கிடையாது. மெட்ராஸ் போனா அறுத்துப் பாக்கலாம்பான். புள்ள டேபிள்லயே போயிடும். நான் மாத்திரையில பாத்துக்கறேன், போ."

அதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. குரலில் தயக்கமும் இல்லை. தயக்கம் இருந்திருந்தால் அவர் இன்னொரு முறை கேட்டிருப்பார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அவள் அவர்களுடைய நோயாளி ஆகிவிடுவாள். ஊரில் யாருக்கும் தெரியாத நோயைக் கண்டுபிடித்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. இது கர்வம். 'எனக்குத் தெரியாது' என்று ஒரு நெசவாளியிடம் சொல்ல என் நாக்கு வரவில்லை. இதுவும் கர்வம்தான். 'இதய அறுவை நிபுணர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்' என்று ஒரு சீட்டில் எழுதித் தந்திருந்தால் போதும். சென்னையில் அப்போதே குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்துகொண்டுதான் இருந்தது.

பணத்தையும் காரணம் காட்ட முடியாது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இதய அறுவை சிகிச்சைகள் அவற்றில் அடக்கம். அந்த வீட்டில் காப்பீட்டு அட்டை இருந்தது. அதை எடுத்து வந்து, "இதுல எதுவும் ஆவுங்களா?" என்று அவர் என்னிடமே கேட்டார். "உன் பொண்ணு நோய்க்கு இது ஆகாதுப்பா" என்று சொல்லி அனுப்பினேன்.

மாதா மாதம் அவளைக் கூட்டி வந்தார்கள். நான் நீர் மாத்திரை எழுதினேன். சத்து மாத்திரை எழுதினேன். விளையாடக் கூடாது, மாடி ஏறக் கூடாது என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். அவள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாடியில் இருந்தது. பின்னாளில் பத்தாவதோடு படிப்பு நின்றது. நான் கொடுத்த காகிதம்தான் நிறுத்தியது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தத் தகப்பன் தன் கையால் நெய்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தருவார். "ஐயாதான் எம் புள்ளையக் காப்பாத்தி வச்சிருக்காரு" என்று காத்திருப்பவர்கள் காதில் விழச் சொல்வார். நான் வாங்கிக்கொண்டேன். அப்படி அவர் சொல்வது எனக்குப் பிடித்தும் இருந்தது.

இதுவரை சொன்னதை அறியாமை என்று கூட்டிக் கழித்து நீங்கள் மன்னிக்க நினைக்கலாம். அவசரப்பட வேண்டாம்.

2013இல் ஓர் இளம் டாக்டர் மாலை நேரங்களில் என் கிளினிக்கில் வந்து உட்கார்வார். நான் பெருமையோடு அந்தப் பெண்ணின் நெஞ்சொலியை அவருக்குக் கேட்கக் கொடுத்தேன். அவர் கேட்டார். அவள் போன பிறகு மெல்லச் சொன்னார்: "சார், இதுக்கு இப்ப கோன் ரிப்பேர்னு ஒண்ணு பண்றாங்க சார். ரிசல்ட் நல்லா இருக்கு. அனுப்பலாமே?" அடுத்த நாள் ஒரு கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுவந்தார்.

அதை அன்றிரவே படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். முழுதாகப் படித்தேன்.

பிரேசிலில் சாவோ பாவ்லோவைச் சேர்ந்த ஜோசே பெட்ரோ ட சில்வா என்ற அறுவை நிபுணர் 1993இல் தொடங்கிய முறை அது. 2007இல் ஆங்கில ஆய்விதழில் வந்த கட்டுரை. நோயாளியை இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து இதயத்தை நிறுத்துகிறார்கள். கருவில் பிரியாமல் நின்றுபோன இதழ்களைத் தசையிலிருந்து கவனமாகப் பிரித்தெடுக்கிறார்கள். பிரித்த இதழைச் சுழற்றி, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்து, இதழ்த் திசுவால் முழுச் சுற்றாக ஒரு கூம்பு செய்கிறார்கள். மெலிந்துபோன கீழறைச் சுவரை மடித்துத் தைக்கிறார்கள். வால்வின் விரிந்த வளையத்தைச் சுருக்குகிறார்கள். கூம்பின் அகன்ற வாயை, வால்வு இயல்பாக இருந்திருக்க வேண்டிய இடத்தில் பொருத்துகிறார்கள். மேலறை ஓட்டையை அடைக்கிறார்கள். நோயாளியின் சொந்தத் திசுவே வால்வு. செயற்கை வால்வு வேண்டாம். குழந்தை வளர அதுவும் வளர வழியுண்டு. அந்தக் கட்டுரையில் 40 பேருக்குச் செய்த கணக்கு இருந்தது. அவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர் ஒருவர்.

'டேபிளிலேயே போய்விடும்' என்று நான் சொன்னேன். நாற்பதில் ஒருவர் என்று அந்தக் காகிதம் சொன்னது.

அப்போது அவளுக்கு வயது பதினான்கு. கீழறையின் பலம் அவ்வளவாகக் குறையவில்லை. காலையில் அவள் தகப்பனைக் கூப்பிட்டு, "நான் சொன்னது தப்பு, கிளம்புங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயந்தேன். 'அஞ்சு வருசமா ஏன் சொல்லலே?' என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? அவள் அறுவை முடிந்து நன்றாக நடந்து வந்தால் ஊர் என்னைப் பற்றி என்ன பேசும்? ஒரு குழந்தையின் இதயத்தையும் என் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் பெயரை எடுத்துக்கொண்டேன்.

கட்டுரையை மேசை இழுப்பறையில் போட்டேன். அடுத்த மாலை அந்த இளம் டாக்டர் கேட்டார். "சொல்லிப் பாத்துட்டேன்ப்பா. அவங்க வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்றேன். அந்தப் பொய் அன்றுதான் பிறந்தது. அவர் மேலே கேட்கவில்லை. மூத்தவர் சொன்னால் நம்புவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம்.

2008இல் நான் செய்தது கர்வத்தால் செய்தது. 2013இல் செய்தது தெரிந்தே செய்தது. இரண்டையும் ஒன்றாக எடை போடாதீர்கள்.

படிப்பு நின்ற பிறகு அவள் வீட்டில் தறிக்கான நூலைத் தார் சுற்றினாள். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் நானும் சரி என்றேன். 2019இல், அவளுக்கு இருபது வயதில், ஒரு காலை ராட்டைக்கு முன்னாலேயே சரிந்துவிட்டாள். ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கையைத் தூக்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஓட்டை வழியே ஒரு கட்டி கடந்துவிட்டது. பதினொரு ஆண்டுகளாக நான் அறிந்திருந்த ஆபத்து அது.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். பக்கவாதத்துக்கு அங்கே வைத்தியம் பார்த்தார்கள். அங்கிருந்த டாக்டர், உடல் தேறியதும் சென்னைக்குப் போய் இதய அறுவை நிபுணரைப் பார்க்கச் சொன்னார். பழைய விவரங்களோடு ஒரு கடிதம் வேண்டும் என்று தகப்பன் என்னிடம் வந்து நின்றார்.

எழுதினேன். நோயின் பெயர், கண்டுபிடித்த ஆண்டு, கொடுத்த மாத்திரைகள். பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி. அறுவை சிகிச்சைக்கு முன்பே பரிந்துரைக்கப்பட்டது, பெற்றோர் சம்மதிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தினேன். உறையில் போட்டு ஒட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தன் மேல் சுமத்திய பழியைத் தானே மடியில் வைத்துக்கொண்டு அவர் சென்னைக்கு ரயில் ஏறினார்.

சில மாதம் கழித்து அறுவை நடந்தது. கூம்பு முறையில் வால்வைச் சீரமைத்தார்கள். ஆனால் அது மட்டும் போதவில்லை. இத்தனை ஆண்டு கசிவைத் தாங்கிய கீழறை பலம் இழந்திருந்தது. அதன் சுமையைக் குறைக்க, உடலின் மேல்பாதியிலிருந்து ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரையை நுரையீரல் தமனியோடு நேரடியாக இணைத்தார்கள். கிளென் இணைப்பு என்பார்கள். அவள் பிழைத்தாள். அறுவை நிபுணர் என்னிடம் போனில் பேசினார். "இதழ் நல்லாத்தான் சார் இருந்துச்சு. சின்ன வயசுலயே வந்திருந்தா கிளென் தேவைப்பட்டிருக்காது. ஏன் விட்டாங்க?" என்று கேட்டார். "வீட்டுல ஒத்துக்கல சார்" என்றேன். மூன்றாவது முறையாக அதே பொய். இம்முறை சொல்ல எளிதாகவே இருந்தது.

ஊர் திரும்பியதும் தகப்பன் என்னைப் பார்க்க வந்தார். வார்டில் ஒரு டாக்டர் அவரைக் கடிந்துகொண்டாராம். 'அப்பவே ஆபரேசனுக்கு ஒத்துக்கிட்டிருந்தா பொண்ணுக்குக் கை போயிருக்குமா?' என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். அவர் பதில் பேசவில்லை. ஊர் வரும் வரை யோசித்திருக்கிறார். யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். என் முன்னால் கைகூப்பி நின்று சொன்னார்: "நீங்க அப்பவே சொல்லியிருக்கீங்க போலங்கய்யா. படிக்காதவன், எனக்குத்தான் வெளங்காமப் போச்சு. மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்லப்பா" என்றேன்.

நான் செய்தவற்றில் எது மிகக் கொடியது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். நான் பறித்தது அவள் கையின் பலத்தை மட்டும் இல்லை. அவரிடம் இருந்த ஒரே நிம்மதி, மகளுக்காகத் தன்னால் ஆனதைச் செய்தோம் என்பது. அதையும் பறித்தேன். அவருடைய நினைவையே அவர் சந்தேகப்படும்படி செய்தேன். பிறகு அவரை மன்னிக்கவும் செய்தேன்.

அந்த இடது கை முழுதாகத் திரும்பவில்லை. தார் சுற்றும்போது வலது கை ராட்டையைச் சுழற்றும், இடது கைதான் நூலைப் பிடிக்கும். அவளால் நூலைப் பிடிக்க முடியவில்லை. அந்த வேலையும் போனது. அவள் தாய் இப்போது இரண்டு பேர் வேலையைச் செய்கிறார்.

கிளினிக்கை மூடிய பிறகு ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இதை என் நல்ல குணம் என்று கணக்கில் எழுத வேண்டாம். இழக்க எதுவும் இல்லாத காலத்தில்தான் போனேன். தகப்பன் ஒன்றும் பேசவில்லை. தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாங்க வேணாம்னு சொன்னதா எழுதுனீங்களா?" ஆமாம் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தப் பெண் வாசல் வரை வந்தாள். "போயிட்டு வாங்க" என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் இப்போது வேறு டாக்டரிடம் போகிறார்கள். அதுதான் சரி.

இதைப் படிக்கும் மருத்துவர்களுக்கு நான் அறிவுரை சொல்லத் தகுதியற்றவன். நோயாளிகளின் வீட்டாருக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். 'இதற்கு ஆபரேஷன் கிடையாது' என்று ஒரு டாக்டர் சொன்னால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தோடு இன்னொரு டாக்டரிடம் போங்கள். உங்கள் கையில் தரும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கேளுங்கள். எந்த டாக்டருக்குக் கோபம் வந்தாலும் வரட்டும்.

சென்னை மருத்துவமனைக்கு என் பொய்யை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறேன். ஆனால் அவளுடைய பழைய கோப்பில் நான் எழுதிய அந்த வரி இன்னும் இருக்கிறது. ஆகவே இங்கேயும் எழுதிவைக்கிறேன். அந்தத் தகப்பன் அறுவை சிகிச்சையை மறுக்கவில்லை. தறியை விற்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொன்னவன் நான்.